நீதிபதிக்குத் தகுதி இல்லை என்று எழுதினால் அவமதிப்பா?

கேள்வி: திருநெல்வேலியில் சிறு மாத இதழ் நடத்துகிறேன். உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரைப் பற்றி, 'முன்பு எதிர்க்கட்சியில் பொறுப்பு வகித்தவர், நீதிபதியாக இவருக்கு என்ன தகுதி? கட்சி சொல்கிறபடிதான் தீர்ப்பு எழுதுகிறார்' என்று ஒரு கட்சி நாளேடு எழுதியிருக்கிறது. அதை மறுபிரசுரம் செய்யலாமா?

பதில்: அப்படியே போடாதீர்கள். 'அவர்கள் எழுதியதைத்தானே எடுத்துப் போட்டேன்' என்ற வாதம் எடுபடாது. வெளியிட்டவரும் பொறுப்பாளிதான்.

அரசியல் சாசனத்தின் 217(2) பிரிவு கேட்கும் தகுதி கொஞ்சம்தான். இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். நீதித்துறைப் பதவியிலோ உயர் நீதிமன்ற வழக்கறிஞராகவோ பத்தாண்டுகள் இருந்திருக்க வேண்டும். கட்சிக்காரர் கூடாது என்று அதில் இல்லை. 1957இல் கேரள அமைச்சராக இருந்த வி.ஆர்.கிருஷ்ணய்யர் பின்னாளில் உச்ச நீதிமன்றம் வரை போனார். இதெல்லாம் கட்சி நாளேடுகளுக்கு ஆள் பார்த்துத்தான் நினைவுக்கு வரும்.

இந்தத் தகுதி இல்லையென்றால் நியமனமே நிற்காது. மிசோரம் சட்டத்துறைச் செயலராக இருந்த கே.என்.ஸ்ரீவஸ்தவாவை குவாஹாட்டி உயர் நீதிமன்ற நீதிபதியாக நியமித்த ஆணையை, அவர் நீதித்துறைப் பதவி வகித்தவரே அல்ல என்று சொல்லி 1992இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால், பொருத்தமானவரா என்பது வேறு கேள்வி. சென்னை உயர் நீதிமன்றத்துக்கு விக்டோரியா கௌரி நியமிக்கப்பட்டபோது அவருடைய பா.ஜ.க. தொடர்பையும் பழைய பேச்சுகளையும் காட்டி வழக்குப் போட்டார்கள். பொருத்தத்துக்குள் நுழைய மறுத்த உச்ச நீதிமன்றம், 2023 பிப்ரவரி 7 அன்று மனுக்களைத் தள்ளுபடி செய்தது. அன்றே அவர் பதவியேற்றார்.

நீதிமன்றம் நுழையாத அந்த இடத்தில் பத்திரிகை தாராளமாக நுழையலாம். 'இந்த நியமனம் சரியல்ல, நீதிபதிகளைப் பரிந்துரைக்கும் மூத்த நீதிபதிகள் குழுவான கொலீஜியம் யோசித்திருக்க வேண்டும்' என்று நீங்கள் எழுதுவது கருத்துரிமை. வம்பு அந்தக் கடைசி வரியில்தான். கட்சி சொல்லித் தீர்ப்பு எழுதுகிறார் என்பது உள்நோக்கம் கற்பிப்பது. 1971ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டப்படி அது குற்றவியல் அவமதிப்பாகலாம். ஆறு மாதம் வரை வெறுங்காவல், 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உண்மையைத்தான் எழுதினேன் என்று 13ஆவது பிரிவின்கீழ் வாதாடலாம். அதற்கு ஆதாரம் கையில் இருக்க வேண்டும், பொதுநலனும் நல்லெண்ணமும் தெரிய வேண்டும். நாளேட்டின் நறுக்கு ஆதாரம் ஆகாது.

வெளியார் யாரும் இந்த அவமதிப்பு வழக்கைப் போட, மாநில அரசின் தலைமை வழக்கறிஞரான அட்வகேட் ஜெனரலின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் தேவை. நீதிமன்றம் தானாகவே எடுத்துக்கொள்வதற்குத் தேவையில்லை. நீதிபதி தனியாக அவதூறு வழக்கும் தொடரலாம். ஆகவே அந்த வரியை வெட்டுங்கள். அவர் வகித்த கட்சிப் பொறுப்பையும் ஆண்டையும் நீங்களே சரிபார்த்து, உங்கள் சொந்த நடையில் எழுதுங்கள்.