அமெரிக்காவில் டெஸ்டர் வேலையும் ஆதரவு வீட்டுத் திட்ட வேலையும்: கேள்வி பதில்

இனம், நிறம், மதம், பூர்வீக நாடு, பாலினம், உடற்குறை, வீட்டில் குழந்தை இருப்பது ஆகிய ஏழில் எதைக் காட்டியும் ஒருவருக்கு வீடு மறுக்கக் கூடாது என்கிறது அமெரிக்காவின் நியாய வீட்டுவசதிச் சட்டம். 1968-இல் வந்தது. பாலினம் 1974-இலும், உடற்குறையும் குழந்தைகளும் 1988-இலும் சேர்ந்தன. வீட்டு உரிமையாளர்களும் தரகர்களும் சட்டத்தை மதிக்கிறார்களா என்று, நியாய வீட்டுவசதி அமைப்பு ஒன்றின் சார்பில் வீடு கேட்பவரைப்போல் போய்ப் பார்த்து எழுதித் தருபவர் டெஸ்டர். அந்த வேலை பற்றியும், தெருவில் வாழ்ந்தவர்களைக் குடியமர்த்தும் ஆதரவு வீட்டுத் திட்டங்களின் வேலைகள் பற்றியும் வந்த கேள்விகள் இவை.

கேள்வி: அக்கா, குடிவரும் எண்ணமே இல்லாமல் வீடு கேட்பது பொய்தானே? மாட்டிக்கொண்டால் வழக்கு வராதா?

இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போய்விட்டது. வர்ஜீனியா மாநிலம் ரிச்மண்ட் பகுதியில் ஒரு நிறுவனம் கறுப்பின டெஸ்டரிடம் 'காலி இல்லை' என்றும் வெள்ளையின டெஸ்டரிடம் 'இருக்கிறது' என்றும் சொன்னது. வாடகைக்கு வரும் எண்ணம் இல்லாவிட்டாலும், பொய்த் தகவல் தரப்பட்ட டெஸ்டருக்கே வழக்குப் போடும் உரிமை உண்டு என்று 1982-இல் ஹேவன்ஸ் ரியால்ட்டி வழக்கில் தீர்ப்பு வந்தது.

ஆனால் எல்லை உண்டு. விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடக் கூடாது, சோஷியல் செக்யூரிட்டி எண் தரக் கூடாது, முன்பணம் கட்டக் கூடாது. வீட்டுக்கடன் டெஸ்டில் இன்னும் கவனம் வேண்டும். வங்கிக்கடன் விண்ணப்பத்தில் தெரிந்தே பொய் எழுதுவது மத்தியச் சட்டப்படி குற்றம் என்பதால், விசாரிக்கும் கட்டத்தோடு திரும்பிவிட வேண்டும்.

கேள்வி: ஒரு டெஸ்ட் எப்படி நடக்கும்? கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

பெரும்பாலும் ஜோடி டெஸ்ட். பூர்வீக நாடு பற்றிய சந்தேகம் என்றால் இந்திய முகம், இந்தியப் பெயர் உள்ள ஒருவரும் வெள்ளையர் ஒருவரும் தனித்தனியாகப் போவார்கள். இருவருக்கும் வயது, பாலினம், தேடும் வீட்டின் அளவு, குடிவரும் தேதி எல்லாம் ஒன்றுபோல் இருக்கும். வருமானம் மட்டும் சட்டம் காக்கும் பிரிவில் உள்ளவருக்கு, இங்கே இந்தியருக்கு, சற்றுக் கூடுதலாக எழுதப்படும். 'அவர் சம்பளம் போதவில்லை' என்று பிறகு யாரும் காரணம் காட்ட முடியாமல் செய்வதற்காகவே இது. வழக்கமாக அவர்தான் முதலில் போவார். சில மணி நேரம் கழித்து மற்றவர் போவார். இடைவெளி நீண்டால், 'நடுவில் வீடு காலியானது' என்ற சமாதானத்துக்கு இடம் கொடுத்துவிடுவோம்.

ஒருங்கிணைப்பாளர் தரும் தாளில் உங்கள் பாத்திரத்தின் வேலை, வருமானம், குடும்பம் இருக்கும். புகார் என்ன, ஜோடி யார் என்பது உங்களுக்குத் தெரியாது. தெரியக் கூடாது. போன இடத்தில் கவனிக்க வேண்டியவை: போன நேரம், எவ்வளவு நேரம் காத்தீர்கள், யார் பேசினார், எத்தனை வீடு காலி என்றார், எவற்றைத் திறந்து காட்டினார், வாடகை, முன்பணம், விண்ணப்பக் கட்டணம், எந்தத் தேதியில் கிடைக்கும், முதல் மாதச் சலுகை சொன்னாரா, மறுநாள் அவராகக் கூப்பிட்டாரா. திரும்பியதும் அன்றைக்கே எழுதிவிடுங்கள். விசிட்டிங் கார்டு, குறுஞ்செய்தி, மின்னஞ்சல் எதையும் அழிக்காதீர்கள்.

கேள்வி: புதியவர்கள் எங்கே தவறுகிறார்கள்?

அறிக்கையில். 'அவர் என்னை மட்டமாக நடத்தினார்' என்று எழுதினால் அந்த வரி நீதிமன்றத்தில் நிற்காது. 'நான் உள்ளே போனதும் அவர் எழுந்திருக்கவில்லை. 2 படுக்கையறை வீடு செப்டம்பர் வரை இல்லை என்றார். பட்டியலைப் பார்க்கவில்லை' என்று எழுதினால் நிற்கும். ஜோடியின் அறிக்கையில் அதே நாளில் அதே வீடு 'இன்றைக்கே வரலாம்' என்று இருந்தால், இரண்டையும் பக்கத்தில் வைத்ததும் வேறுபாடு தானே தெரியும். முடிவைச் சொல்வது உங்கள் வேலை இல்லை.

அடுத்த தவறு, பேச்சைத் தூண்டுவது. 'இந்தியர்களுக்குக் கொடுப்பீர்களா?' என்று கேட்டீர்களானால் அந்த டெஸ்ட் வீண். மூன்றாவது, தாளில் இல்லாத விவரத்தைத் தானாகச் சேர்ப்பது. நாய் வளர்ப்பதாக ஒருவர் மட்டும் சொல்லிவிட்டால் வேறுபாட்டுக்குக் காரணம் நாயா, நிறமா என்று பிரிக்கவே முடியாது.

கேள்வி: செல்போனில் பதிவு செய்யலாமா?

மாநிலத்தைப் பொறுத்தது. நியூயார்க்கில் பேசுபவர்களில் ஒருவர் சம்மதித்தால் போதும், அந்த ஒருவர் நீங்களாகவே இருக்கலாம். கலிஃபோர்னியா, ஃப்ளோரிடா, பென்சில்வேனியா, வாஷிங்டன் போன்ற மாநிலங்களில் ரகசியப் பேச்சைப் பதிய எல்லோர் சம்மதமும் வேண்டும். அமைப்பு எழுத்தில் சொல்லாதவரை போனை வெளியே எடுக்காதீர்கள்.

கேள்வி: நம்மவர்களுக்கு உண்மையிலேயே பாகுபாடு நடக்கிறதா? கதவைச் சாத்தியதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

கதவு சாத்தப்படுவதில்லை, அதனால்தான் தெரிவதில்லை. சிரித்துப் பேசி, குறைவாகக் காட்டி அனுப்புவார்கள். மத்திய வீட்டுவசதித் துறையான ஹட் 28 பெருநகரப் பகுதிகளில் 8,000-க்கும் மேற்பட்ட ஜோடி டெஸ்ட்கள் நடத்தி 2012-க்கான ஆய்வை வெளியிட்டது. வாடகைக்குத் தேடிய ஆசியர்களுக்கு வெள்ளையர்களைவிட 9.8 சதவீதம் குறைவான வீடுகளே சொல்லப்பட்டன. விலைக்குக் கேட்டவர்களுக்குச் சொன்னது 15.5 சதவீதமும் காட்டியது 18.8 சதவீதமும் குறைவு. இன்னொரு வீடும் இருந்தது என்பது வாங்க வந்தவருக்கு எப்படித் தெரியும்? அதற்குத்தான் ஜோடி.

கேள்வி: நான் எச்-1பி வேலை விசாவில், மனைவி எச்-4 துணைவர் விசாவில். பகுதி நேரமாகச் செய்யலாமா?

உங்களால் முடியாது. எச்-1பி குறிப்பிட்ட முதலாளிக்கானது, டெஸ்டுக்கு வரும் பணம் வேறு வேலையின் ஊதியம். எச்-4-இல் வேலை அனுமதி அட்டை இருந்தால் மனைவி செய்யலாம். கிரீன் கார்டு, குடியுரிமை உள்ளவர்களுக்குத் தடையில்லை. பணம் டெஸ்ட் கணக்கில் வரும், முடிவு எப்படி இருந்தாலும் தொகை மாறாது. டெஸ்ட் செய்யப்படும் நிறுவனத்தில் கடந்த ஓராண்டில் வேலை செய்திருந்தாலோ, உறவினர் சம்பந்தப்பட்டிருந்தாலோ, நீங்களே போட்டித் தரகராக இருந்தாலோ ஒதுங்கிவிடுங்கள்.

இதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. முழுநேரச் சம்பளம் டெஸ்ட் ஒருங்கிணைப்பாளர், புலனாய்வாளர், வழக்கறிஞர் ஆகியோருக்குத்தான். அந்த அமைப்புகளுக்கு ஹட் மானியம் பெரிய ஊன்று. 2025-இல் பல மானியங்கள் நடுவழியில் ரத்தாகி விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனது. நேர்காணலில் 'இந்தப் பதவிக்கான நிதி எங்கிருந்து, எதுவரை?' என்று தயங்காமல் கேளுங்கள்.

கேள்வி: நான் சிவில் இன்ஜினியர். எனக்கு ஏதாவது இடம் உண்டா?

நிறைய உண்டு. 1991 மார்ச் 13-க்குப் பிறகு முதன்முதலாகக் குடியேறப்பட்ட, 4 அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகள் உள்ள கட்டடங்களில் சக்கர நாற்காலி போக வசதி இருக்க வேண்டும். லிஃப்ட் இல்லாவிட்டால் தரைத்தள வீடுகளுக்கு மட்டும். இங்கே ஜோடி தேவையில்லை, அளவு நாடாவும் சாய்வு மானியும் போதும். கதவை 90 டிகிரி திறந்து, கதவின் முகத்திலிருந்து எதிர்ப்பக்கக் கதவுநிலையின் தடுப்பு வரை அளக்க வேண்டும். 32 அங்குலம் வேண்டும். சாய்தளம் 12-க்கு 1-ஐத் தாண்டக் கூடாது. பிளக் பாயிண்ட் தரையிலிருந்து குறைந்தது 15 அங்குலம். 'யு' வடிவச் சமையலறையில் நாற்காலி திரும்ப 60 அங்குலம் தேவைப்படும். கதவுச் சட்டத்தின் அகலத்தை அளந்துவிட்டு வருவதுதான் அதிகம் நடக்கும் பிழை.

கேள்வி: எம்எஸ்டபிள்யூ (சமூகப் பணி முதுகலை) முடித்து ஓபிடியில் (படிப்பு முடித்த மாணவருக்கான தற்காலிக வேலை அனுமதி) இருக்கிறேன் மேடம். ஆதரவு வீட்டுத் திட்டத்தில் கேஸ் மேனேஜர், அதாவது குடியிருப்பவருக்குத் துணை நிற்கும் பணியாளர், வேலை எப்படி?

படிப்புக்கு நேரே பொருந்தும் வேலை, ஓபிடிக்குச் சிக்கல் இல்லை. வீட்டை முதலில் கொடு, குடிப்பழக்கத்தையும் சிகிச்சையையும் பிறகு பேசு என்பதுதான் இந்தத் துறையின் அடித்தளம். சாம் செம்பெரிஸ் 1992-இல் நியூயார்க்கில் தொடங்கிய முறை அது. நேர்காணலில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ஒருவருக்கு எத்தனை பேர் என்பது. கடும் மனநோய் உள்ளவர்களுக்கான குழு முறையில் ஓர் ஊழியருக்கு 10 பேர், சற்றுத் தேறியவர்களுக்கு 20 பேர்வரை. 40 என்று சொன்னால், வீடு தேடிப் போய்ப் பார்க்கும் வேலை அங்கே நடக்காது, போன் செய்வது மட்டும்தான் நடக்கும்.

காகித வேலையைச் சலிப்பாக நினைக்காதீர்கள். 'நீண்டகால வீடின்மை' என்று நிரூபிக்க உடற்குறையும் வேண்டும், 12 மாதம் தொடர்ந்து தெருவிலோ அவசரக் காப்பகத்திலோ இருந்திருக்கவும் வேண்டும். அல்லது 3 ஆண்டில் 4 முறையாகச் சேர்த்து 12 மாதம். நண்பர் வீட்டு சோஃபாவில் தொடர்ந்து 7 இரவு படுத்தால் தொடர்ச்சி அறுந்துவிடும், அதற்குக் குறைவான இரவுகள் தொடர்ச்சியை அறுக்காது. ஆனால் ஒரு மாதத்தில் ஒரே ஒரு நாள் சமூகப் பணியாளர் அவரைத் தெருவில் பார்த்ததாகத் தேதியோடு குறிப்பு இருந்தாலே, மாறாகச் சான்று இல்லாதவரை அந்த மாதம் முழுவதும் கணக்கில் சேரும். யாரோ எழுதாமல் விட்ட ஒரு வரியால் ஒருவர் வீட்டை இழப்பது இப்படித்தான்.

கேள்வி: வாடகை வசூலையும் கேஸ் மேனேஜரே பார்த்தால் செலவு குறையுமே?

தயவுசெய்து வேண்டாம். வாடகை கேட்டு வருபவரிடம் 'மறுபடி குடிக்க ஆரம்பித்துவிட்டேன்' என்று யார் சொல்வார்? கட்டட நிர்வாகம் ஒருவரிடமும் ஆதரவுப் பணி வேறொருவரிடமும் இருக்க வேண்டும். குடியிருப்பவர் 'எனக்குத் தரைத்தளம் வேண்டும்' என்றோ 'ஓய்வூதியம் 3-ஆம் தேதிதான் வரும், வாடகைத் தேதியைத் தள்ளிப் போடுங்கள்' என்றோ உடற்குறையின் காரணமாகக் கேட்டால் அது சட்டப்படியான சலுகைக் கோரிக்கை. வாயால் சொன்னாலே செல்லும். ஆனாலும் தேதி போட்டு எழுதிக் கொடுத்து, ஒரு பிரதியைக் கோப்பில் வையுங்கள். மறுக்கப்பட்டால் ஹட்டிடம் புகார் செய்ய ஓராண்டும், நீதிமன்றம் போக இரண்டாண்டும் அவகாசம் உண்டு.