கேள்வி – பதில்: தூக்கத்தில் மூளைக்கு ஓய்வு உண்டா?

சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளில் மூன்று ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. சேர்த்துப் பதில் தருகிறோம்.

கேள்வி: செம்பனை ஆலையில், பாய்லர் பகுதியில் இரவு ஷிப்ட் பார்க்கிறேன். விடியற்காலை மூன்று மணி வாக்கில் ஒரு மணி நேரம் கண்ணயர்ந்தால், எழுந்த பிறகு அரை மணி நேரம் தலை மரத்துக் கிடக்கிறது. மீட்டரைப் பார்த்தாலும் எண் மனதில் ஏறுவதில்லை. மூளை செல்களும் தூங்கிவிடுமா, டாக்டர்?
– ஆலைத் தொழிலாளி

பதில்: செல்கள் வேலையை நிறுத்துவதில்லை, துடிக்கும் முறையைத்தான் மாற்றிக்கொள்கின்றன. விழித்திருக்கும்போது, மூளையின் மேலடுக்கான பெருமூளைப் புறணியில் ஒரு நரம்பணு (மூளை செல்) நொடிக்குச் சில தடவை மின்துடிப்பு விடும். பக்கத்து செல் தன் பாட்டுக்கு வேறு நேரத்தில் துடிக்கும். பார்த்தால் ஒழுங்கே இல்லாததுபோல் இருக்கும். யோசிப்பது, எண்ணைப் படித்து நினைவில் வைப்பது எல்லாம் இந்த நிலையில்தான் நடக்கின்றன.

ஆழ்ந்த தூக்கத்தில் புறணியின் பெரும் பகுதி சில நூறு மில்லிநொடி ஒன்றாக மௌனமாகி, மறுபடி ஒன்றாகத் துடிக்கத் தொடங்கும். ஏறக்குறைய நொடிக்கு ஒரு தடவை இப்படி. துடிக்கும் அந்தக் கணத்தில் வேகம் விழிப்பில் இருப்பதைவிட அப்படியொன்றும் குறைவில்லை. உறுமி மேளக் குழுவில் ஆளுக்கொரு தாளம் தட்டினால் ஒன்றை ஒன்று அமுக்கிவிடும். சேர்ந்தடித்தால் தெருமுனைவரை கேட்கும். அதனால்தான் மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி. பதிவில் விழிப்பு அலைகள் சின்னதாகவும், ஆழ்தூக்க அலைகள் 75 மைக்ரோவோல்ட்டைத் தாண்டிப் பெரிதாகவும் தெரிகின்றன.

மூளையின் நடுவில் இருக்கும் தாலமஸ், கண்ணும் காதும் அனுப்பும் செய்தியைப் புறணிக்குக் கடத்துகிறது. விழிப்பில் மூளைத்தண்டிலிருந்து வரும் அசிட்டைல்கோலின், நார்அட்ரினலின் ஆகிய ரசாயனங்கள் தாலமஸ் செல்லின் மின்னழுத்தத்தை மைனஸ் 60 மில்லிவோல்ட் அருகே வைத்திருக்கும். வந்த செய்தி துடிப்புக்குத் துடிப்பு அப்படியே போய்ச் சேரும். தூக்கத்தில் அந்த வரத்து குறைந்து, அழுத்தம் மைனஸ் 70-க்குக் கீழே இறங்கும். அங்கே சுமார் 0.1 நொடி நின்றாலே போதும், செல்லின் சுவரில் கால்சியத்தை உள்ளே விடும் ‘டி’ வகைக் கால்சியம் வாயில்கள் திறக்கத் தயாராகிவிடும். பிறகு சின்னத் தூண்டலுக்கே செல் இரண்டு முதல் ஆறு துடிப்புகளைப் படபடவென்று கொட்டிவிட்டு அடங்கிவிடும். என்ன சத்தம், எவ்வளவு சத்தம் என்ற விவரம் அதில் ஒழுங்காகப் போய்ச் சேராது.

கனவுத் தூக்கத்தில் புறணி மறுபடி விழிப்பைப்போலவே துடிக்கும். ஆனால் நார்அட்ரினலின் செல்கள் ஏறக்குறைய முழு மௌனம். உடம்புத் தசைகளுக்குக் கட்டளை போகும் வழியும் அடைபட்டிருக்கும்.

உங்கள் பிரச்சினைக்கு வருவோம். ஒரு மணி நேரத் தூக்கம் உங்களை ஆழ்தூக்கத்தின் நடுவில் எழுப்புகிறது. கண் திறந்ததும் புறணி முழுவதும் தெளிந்துவிடாது. 15 முதல் 30 நிமிடம் வரை, சில சமயம் அதற்கு மேலும் ஆகும். அலாரத்தை 20 நிமிடத்துக்கு வையுங்கள். படுக்கும் முன்பே ஒரு கோப்பி குடித்துவிடுங்கள். அது வேலை செய்ய அரை மணி ஆகும் என்பதால் எழும் நேரத்துக்குச் சரியாக இருக்கும். ஒன்று: பகலில் சரியாகத் தூங்காமல் ஷிப்டுக்கு வந்தவர் 20 நிமிடத்துக்குள்ளேயே ஆழ்தூக்கத்துக்குப் போய்விடக்கூடும். ஆகவே எப்படித் தூங்கி எழுந்தாலும் முதல் அரை மணி நேரம் வால்வைத் தொடாதீர்கள்; மீட்டரைப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும்.

தூங்காமலே சமாளிக்கலாம் என்று நினைக்கவும் வேண்டாம். 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், தூங்கவிடாமல் வைத்திருந்த எலிகளின் புறணியில், அவை விழித்து நடமாடும்போதே சில செல்கள் கணநேரம் மௌனமாவது பதிவானது.

கேள்வி: எட்டு வயது மகன் பாடத்தின் நடுவில் பத்து நொடி வெறித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் தொடர்கிறானாம். இ.இ.ஜி.க்கு நாள் கொடுத்திருக்கிறார்கள். எண்ணெய் வைக்காதே, இரவில் குறைவாகத் தூங்க வை என்கிறார்கள். மின்சாரம் பாய்ச்சுவார்களா?
– ஒரு தாய்

பதில்: பாய்ச்ச மாட்டார்கள், மூளையிலிருந்து வருவதைப் பதிவு மட்டும் செய்வார்கள். அதுவும் சில பத்து மைக்ரோவோல்ட்தான். தேங்காய் எண்ணெய் இருந்தால் மின்முனைக்கும் தோலுக்கும் இடையே தடை 5 கிலோஓமுக்கு மேல் ஏறி, சுவர் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் மூளை அலையை மறைத்துவிடும். முதல் நாள் இரவு ஷாம்பு போட்டு இரண்டு தடவை அலசுங்கள். கண்டிஷனர், ஜெல் வேண்டாம்.

தூக்கத்தைக் குறைக்கச் சொல்வது, விழிப்பும் தூக்கமும் மாறும் நேரத்தில்தான் கோளாறான அலை எளிதில் வெளிப்படும் என்பதால். பெரும்பாலும் கெடுவது கடைசி நேரத்தில்: காரில் வரும்போதே பிள்ளை தூங்கிவிடும். பின்சீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டே வாருங்கள். பசியாற வைத்தே கூட்டி வாருங்கள். தேத்தண்ணி மட்டும் வேண்டாம். வழக்கமான மருந்து இருந்தால், டாக்டர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள்.

பரிசோதனையில் மூன்று நிமிடம் ஆழமாக மூச்சு விடச் சொல்வார்கள். பிள்ளை வெறித்துப் பார்ப்பது வலிப்பின் ஒரு வகையாக இருந்தால், அப்போது பதிவில் நொடிக்கு மூன்று வீதம் கூர்முனையும் அலையும் மாறிமாறி வரும். மேலே சொன்ன அதே கால்சியம் வாயில்களுக்கு, விழித்திருக்கும் பிள்ளையிடம் இதில் பங்கு உண்டு. எத்தோசக்ஸிமைட் என்ற மருந்து அந்த வாயில்களைத்தான் அடைக்கிறது. கார்பமசெப்பைன் என்ற வேறொரு வலிப்பு மருந்து இந்த வகையை மோசமாக்கக்கூடும். வீட்டில் வேறு யாருக்கோ கொடுத்த வலிப்பு மாத்திரையைப் பிள்ளைக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

முடிந்தால் ஒரு வெறிப்பைக் கைப்பேசியில் படம்பிடித்து டாக்டரிடம் காட்டுங்கள். இ.இ.ஜி. சரியாக இருந்தாலும் வலிப்பு இல்லை என்று ஆகிவிடாது.

கேள்வி: சளிக்கு இரவில் பிரிட்டன் (Piriton) மாத்திரை போட்டால், காலையில் பால் வெட்டப் போகும்போது மோட்டாரில் கண் சொருகுகிறது. ஏன்?
– தோட்டத் தொழிலாளி

பதில்: மூளையில் ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தை விடும் செல்கள் விழிப்பில் மட்டுமே துடிப்பவை, புறணியை உஷாராக வைத்திருப்பதில் அவற்றுக்குப் பங்கு உண்டு. பிரிட்டனில் உள்ள குளோர்பெனிரமின் மூளைக்குள் புகுந்து, அந்தச் செய்தி போய்ச் சேராமல் தடுத்துவிடும். இரவில் போட்டது விடியும்போதும் உடம்பில் இருக்கும். மூளைக்குள் அதிகம் புகாத லோராட்டடின் என்ற மருந்து உங்களுக்கு ஒத்துவருமா என்று கிளினிக்கில் கேளுங்கள். மோட்டார் எடுக்கும் நாளுக்கு முந்திய இரவு பிரிட்டன் வேண்டாம்.