‘சம்பளப் பிரச்சினை’ என்பது தலைப்பு, வாதம் எங்கே?

கேள்வி: தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து கல்லூரிக்குப் போய்வருகிறேன், முதலாம் ஆண்டு. ஆங்கில எழுத்துப் பாடத்துக்கு 1,500 சொற்களில், ஆய்வு செய்து ஒரு வாதக் கட்டுரை எழுதச் சொல்லி ஒப்படை கொடுத்திருக்கிறார்கள். ‘தோட்டத் தொழிலாளரின் சம்பளப் பிரச்சினை’யை எடுத்துக்கொண்டேன். பதினொரு பக்கம் குறிப்பு இருக்கிறது. ஆனால் முதல் வரைவைப் பார்த்த விரிவுரையாளர், “இது அறிக்கை. வாதம் எங்கே?” என்று எழுதித் திருப்பித் தந்துவிட்டார். எப்படித் திருத்துவது? தமிழ் ஆதாரங்களைப் பாவிக்கலாமா? அம்மாவின் சம்பளத் துண்டைச் சேர்க்கலாமா?

பதில்: உங்கள் வரைவை நான் பார்க்கவில்லை. ஆனாலும் அது எப்படித் தொடங்கியிருக்கும் என்று தெரியும். முதலில் கோப்பிக் காலம், அப்புறம் 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் போட்ட தேயிலை, 1948 பிரஜாவுரிமைச் சட்டம், 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் என்று வந்து, நாலாம் பக்கத்தில்தான் சம்பளம் தலைகாட்டும். நம் பிள்ளைகள் எதை எழுதினாலும் கப்பலிலிருந்துதான் இறங்கி வருவார்கள். நாம் சொல்லாவிட்டால் யார் சொல்வார்கள் என்ற ஆதங்கம் எனக்கும் உண்டு. ஆனால் 1,500 சொல்லில் அந்தக் கதைக்கு ஐந்தாறு வரிக்கு மேல் இடமில்லை.

சரி, வாதம். நான் வகுப்பில் வைக்கும் சோதனை ஒன்றுதான்: உங்கள் மையக் கருத்தைத் தொழிலாளர் காலையில் வேலைக்குக் கூடும் பிரட்டுக்களத்தில் நின்று சொன்னால், எதிர்த்துப் பேச ஒரு ஆளாவது இருக்குமா? ‘தொழிலாளருக்கு நியாயமான சம்பளம் வேண்டும்’ என்றால் தோட்டத்தை நடத்தும் துரைகூடத் தலையாட்டிவிட்டுப் போவார். யாரும் மறுக்காத கருத்துக்கு ஆதாரம் தேடி என்ன பயன்? அதனால்தான் பதினொரு பக்கக் குறிப்பும் வெறும் தகவலாகக் கிடக்கிறது.

யார், எதைச் செய்ய வேண்டும் என்று வரும்வரை கருத்தைச் சுருக்குங்கள். 2021 மார்ச்சில் சம்பளச் சபையின் தீர்மானம் வர்த்தமானியில் வந்து, அடிப்படை 900, வரவுசெலவுத் திட்டக் கொடுப்பனவு 100 என நாட்சம்பளம் 1,000 ரூபாவானது. கம்பனிகள் நீதிமன்றம் போயின. சம்பளம் கூடிய கையோடு ஒரு நாளைக்குப் பறிக்க வேண்டிய கொழுந்தின் கிலோவும் கூட்டப்பட்டது, வேலை நாள் குறைந்தது என்று தொழிலாளரும் சங்கங்களும் முறையிட்ட செய்திகள் அன்றைய பத்திரிகைகளில் நிறையவே கிடைக்கும். நாட்சம்பளம் என்கிறோம், ஆனால் மலையில் யாரும் நாளை எண்ணுவதில்லை, பேரைத்தான் எண்ணுகிறார்கள். குறித்த கிலோவைப் பறித்தால் பதியப்படும் ஒரு நாள் வேலைதான் ஒரு பேர். ஒரு பேருக்கு 18 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 17 கிலோ கொழுந்தோடு வந்தவருக்கு அரைப் பேர் விழுந்தால், அன்றைக்கு 1,000 ரூபா 500 ஆகிவிடும். மாதத்தில் ஆறு நாள் அப்படி விழுந்தால் 3,000 ரூபா போச்சு. உங்கள் அம்மாவுக்கு இது தெரியும். உங்கள் விரிவுரையாளருக்குத் தெரியாமல் இருக்கலாம்.

இதிலிருந்து ஒரு மையக் கருத்தைச் செய்து பார்க்கலாம்: ‘நாட்சம்பளத்தை வர்த்தமானியில் நிர்ணயிக்கும்போது, ஒரு பேருக்குரிய கொழுந்தின் உச்ச அளவையும் அதிலேயே நிர்ணயிக்க வேண்டும்.’ இதை எதிர்க்க ஆள் இருக்கிறது. அப்படியானால் வேலை தொடங்கிவிட்டது. முதலில் அந்த வர்த்தமானியை எடுத்து வரிவரியாகப் படியுங்கள். கிலோவைப் பற்றி அதில் ஏதாவது இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். அதைப் பற்றி யாரோ எழுதியதைப் படித்தால் போதாது. 2024இல் அடிப்படை 1,350 ரூபாவானதற்குரிய வர்த்தமானியையும் பக்கத்தில் வையுங்கள்.

எதிர்க்கருத்தைப் பலர் கட்டுரையின் கடைசியில், கடமைக்கு, ‘சிலர் மறுக்கலாம்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அங்கேதான் மதிப்பெண் போகிறது. கம்பனி தரப்பில் நல்லதொரு ஆளை நினைத்து, அவர் சொல்லக்கூடிய பலமான வாதத்தை எழுதுங்கள். மழைக்காலக் கொழுந்து வேறு, வரட்சிக் காலக் கொழுந்து வேறு. ஒரே தோட்டத்தில் மேல்மலைக்கும் கீழ்மலைக்கும் விளைச்சல் ஒன்றல்ல. கொழும்பில் இருந்துகொண்டு ஒரே இலக்கம் போட்டால் எப்படிச் சரிவரும்? இது உண்மையான கேள்வி. இதைத் தாண்டப் பார்த்தால் உங்கள் கருத்தே மாறும்: ஒரே இலக்கத்துக்குப் பதிலாகப் பருவத்துக்கு ஒரு உச்ச அளவு என்று திருத்துவீர்கள். அப்படி மாறினால் பயப்பட வேண்டாம், ஆய்வு வேலை செய்கிறது என்று அர்த்தம்.

இன்னொரு வாதமும் வரும்: நாட்டின் தேயிலையில் பெரும்பங்கைச் சிறு தோட்டக்காரர்தான் தருகிறார்கள், ஆகவே நாட்கூலியை விட்டு, கொழுந்தின் அளவுக்கே காசு என்ற அந்த முறைக்குப் போகலாம் என்று. அவர்களில் பெரும்பாலோர் இரத்தினபுரி, காலி, மாத்தறை என்று தாழ்நாட்டுக்காரர். அங்கத்தைய விளைச்சலை நுவரெலியாவின் மலையோடு நேரடியாக ஒப்பிட முடியாது. இதற்கு ஒரு பந்தி தாராளமாகத் தரலாம்.

இனி ஆதாரத்தை எப்படிப் பாவிப்பது என்பது. இப்படியொரு பந்தி உங்களிடமும் இருக்கும்:

‘தோட்டத் தொழிலாளர் மிகக் குறைந்த சம்பளம் பெறுகின்றனர். தோட்டத் துறையில் வறுமை 33.8 வீதம். எனவே சம்பளத்தை உயர்த்த வேண்டும்.’

இலக்கம் சரி. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019 வீட்டு வருமான செலவின அளவீட்டில் இருப்பதுதான். அந்த ‘எனவே’தான் பிழை. முதலாவது, அளவீடு 2019க்குரியது. 1,000 ரூபாவுக்கும் 2022 பொருளாதார நெருக்கடிக்கும் முந்தியது. இரண்டாவது, ‘தோட்டத் துறை’ என்றால் திணைக்களத்தின் வரைவிலக்கணப்படி 20 ஏக்கருக்குக் குறையாத, பத்துப் பேராவது குடியிருந்து வேலை செய்யும் தோட்டங்கள். அதற்குள் தெற்கே தெனியாயவின் தோட்டமும் வரும், சிங்களத் தொழிலாளரும் வருவார்கள். அட்டன் டவுனில் கடை வைத்திருக்கும் மலையகத் தமிழர் வரமாட்டார். ஆகவே அது மலையகத் தமிழரின் வறுமை வீதம் ஆகாது. இந்தத் தவறைப் பத்திரிகைகளும் மேடைகளும் தாராளமாகச் செய்கின்றன, நீங்கள் செய்யாதீர்கள்.

நான் எழுதினால் இப்படி வரும்: ‘2019இல் நாடு முழுவதற்கும் வறுமை 14.3 வீதமாக இருக்கையில், தோட்டத் துறையில் அது 33.8 வீதமாக இருந்தது. 1,000 ரூபா வருமுன் நிலைமை எங்கே நின்றது என்பதை இது காட்டுகிறது; அந்த உயர்வு கைக்கு வந்ததா என்பதைச் சொல்லாது. அதற்குச் சம்பளத் துண்டுகளைத்தான் பார்க்க வேண்டும்.’ ஆதாரம் எதுவரை பேசும், எங்கே நிற்கும் என்று சொல்லிவிட்டால், அடுத்த பந்திக்கு வழி தானாகத் திறந்துவிடும்.

ஆதாரம் தேடக் கண்டிக்கோ பேராதனைக்கோ பஸ் ஏறத்தான் வேண்டும் என்றில்லை. பாராளுமன்ற இணையத்தளத்தில், அங்கே பேசிய உரைகளின் பதிவான ஹன்சாட் இருக்கிறது. தமிழில் பேசிய உரை தமிழிலேயே அச்சாகியிருக்கும். நூலகம் இணையத்தளத்தில் பழைய மலையகச் சஞ்சிகைகள் கிடைக்கும். தகவலறியும் உரிமைச் சட்டப்படி தொழில் திணைக்களத்திடமும் கேட்கலாம். ஆனால் முடிவைச் சொல்லவே 14 வேலை நாட்கள் வரை எடுப்பார்கள், ஒப்படைத் திகதியைப் பார்த்துக்கொண்டு இறங்குங்கள். சாட்ஜிபிடியிடம் உசாத்துணை கேட்காதீர்கள். போன தவணை ஒரு பிள்ளை, உலகத்திலேயே இல்லாத ஒரு நூலின் 143ஆம் பக்கத்தை மேற்கோள் காட்டிவிட்டு என் முன்னால் முழித்துக்கொண்டு நின்றது.

தமிழ் ஆதாரம் தாராளமாகப் பாவிக்கலாம். மேற்கோளை நீங்களே ஆங்கிலத்தில் பெயர்த்து, மொழிபெயர்ப்பு உங்களுடையது என்று குறித்தால் போதும். ‘பேர்’ என்ற சொல்லை மட்டும் பெயர்க்க வேண்டாம். அப்படியே எழுதி, ஒரு வரியில் விளக்குங்கள். உசாத்துணை வடிவம் ஏபிஏவா எம்எல்ஏவா என்பதைப் பாடக் கையேடு சொல்லும்.

சம்பளத் துண்டு முதல்தர ஆதாரம். ஆனால் ஒரு மாதத் துண்டை வைத்து எதையும் நிறுவ முடியாது. 2021 மார்ச்சுக்கு முன் மூன்று, பின் மூன்று என்று பழைய துண்டுகள் தகரப் பெட்டியில் இருக்கின்றனவா பாருங்கள். எத்தனை பேர், எத்தனை அரைப் பேர், சேமலாப நிதி, சங்கச் சந்தா, அட்வான்ஸ் போக மிச்சம் எவ்வளவு என்று ஒரு சின்ன அட்டவணை போடுங்கள். ஒரு வீட்டின் கணக்கு என்பதையும் ஒளிக்காமல் எழுதுங்கள். அதற்கெல்லாம் முன்னே அம்மாவிடம் கேளுங்கள். அவர் சரி என்றால், பெயரையும் தோட்டத்தின் பெயரையும் செக்ரோல் (தொழிலாளர் பதிவேடு) இலக்கத்தையும் மறைத்துவிட்டுப் பின்னிணைப்பில் சேருங்கள்.