முன்னேற்ற அறிக்கையில் எதைக் கேட்பது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மட்டக்களப்பில் எங்கள் திருச்சபை நடத்தும் உயர்கல்வி நிறுவனமொன்றின் ஆளுகைச் சபையில் உறுப்பினராக இருக்கிறேன். தொழிலால் கணக்காளன், கல்வித்துறை பழக்கமில்லை. டிப்ளோமாவும் ஆசிரியர் பயிற்சிப் பாடநெறிகளும் நடக்கின்றன. சில வருடங்களில் இதைக் கிறிஸ்தவப் பல்கலைக்கழகமாக வளர்க்க வேண்டும் என்பது சபையின் எண்ணம். இந்த வருட முன்னேற்ற அறிக்கை கைக்கு வந்திருக்கிறது. மாணவர் தொகை கூடியிருக்கிறது, இறுதித் தேர்வில் 91 வீதம் சித்தி, புதிய கட்டடம், வெளியூர் நிறுவனங்களோடு ஒப்பந்தங்கள் என்று நன்றாகத்தான் இருக்கிறது. கடைசியில் ‘கல்விச் சீர்திருத்தத்துக்கான ஆயத்தம்’ என்று அரைப் பக்கம். குழு அமைத்தார்களாம், செயலமர்வு நடத்தினார்களாம். அடுத்த கூட்டத்தில் அறிக்கையை ஏற்கச் சொல்வார்கள். போதகர்மாருக்கு முன்னால் குற்றம் பிடிக்கிறவனாகத் தெரியவும் விருப்பமில்லை, சும்மா தலையாட்டிவிட்டு வரவும் மனமில்லை. எதைக் கேட்க வேண்டும்?

– ஒரு வாசகர், பெரியகல்லாறு

அன்புள்ள நண்பருக்கு,

கணக்காளர் என்கிறீர்கள், அப்படியானால் 91 வீதத்திலிருந்தே தொடங்கலாம். எந்தத் தொகையால் வகுத்தார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் அது இறுதித் தேர்வுக்குத் தோற்றியவர்களின் தொகையாக இருக்கும். உதாரணத்துக்கு, 120 பேர் சேர்ந்த பட்ச் ஒன்றில் 88 பேர் இறுதித் தேர்வெழுதி 80 பேர் சித்தியடைந்தால் அறிக்கையில் 91 வீதம் வரும். சேர்ந்தவர்களின் தொகையால் வகுத்தால் 67 வீதம்தான். இரண்டிலும் பொய் இல்லை. இடையில் விடுபட்ட 32 பேர் எங்கே போனார்கள் என்பதை முதற் கணக்கு கேட்பதே இல்லை.

மாணவர் தொகை கூடியதும் இதே மாதிரித்தான். புதிய பாடநெறி ஒன்று தொடங்கினாலே தொகை ஏறிவிடும். பாடம் தவறிய பழைய மாணவர்கள் பதிவிலேயே தங்கிவிட்டாலும் ஏறும். ஆகவே கடைசி நான்கு பட்சுகளுக்கும் தனித்தனியாக ஒரு அட்டவணை கேளுங்கள்: சேர்ந்தோர், அடுத்தடுத்த வருடங்களுக்குப் போனோர், உரிய காலத்தில் முடித்தோர், பிந்தி முடித்தோர், விலகியோர். விலகியோருக்கு எதிரே காரணமும் வேண்டும். உயர்தரத்தை மறுபடி எழுதி வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கோ ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கோ போன பிள்ளையை நட்டக் கணக்கில் சேர்க்கக் கூடாது. இரண்டாம் வருடத்தில் ஒரே பாடத்தில் தவறி ஐந்தாறு பேர் நின்றிருந்தால் அந்தப் பாடத்தின் கோப்பைத் திறந்து பார்க்க வேண்டும். பதிவேடு ஒழுங்காக இருந்தால் இந்த அட்டவணை ஒன்றிரண்டு நாள் வேலை. மாதக்கணக்கில் இழுபட்டால், பதிவேட்டின் நிலைமை அதிலேயே தெரிந்துவிடும்.

விரிவுரையாளர் தொகையிலும் இப்படி ஒரு விஷயம் இருக்கிறது. வாரத்துக்கு மூன்று மணித்தியாலம் வந்து போகிற வருகைதரு விரிவுரையாளரையும் நிரந்தர விரிவுரையாளரையும் ஒரே நிரலில் கூட்டிவிடுவார்கள். எத்தனை பாடங்கள் முழுக்க வருகைதரு விரிவுரையாளரை நம்பி நடக்கின்றன என்று கேளுங்கள். நமது பக்கத்தில் அவர்கள் கிழக்குப் பல்கலைக்கழகத்திலிருந்தோ தென்கிழக்கிலிருந்தோ தாழங்குடா கல்வியியற் கல்லூரியிலிருந்தோதான் வர வேண்டும். அங்கே பரீட்சையோ பகிஷ்கரிப்போ வந்தால் இங்கே வகுப்புகள் பின்னுக்குப் போகும். பிறகு விடுபட்டதையெல்லாம் இரண்டு சனிக்கிழமைகளில் திணித்து முடிப்பார்கள். வரவுப் பதிவேட்டில் 45 மணித்தியாலம் சரியாக இருக்கும், பிள்ளைகளின் தலையில் அந்த 45 இருக்காது.

இனி நேரக் கணக்கு. பட்டங்களையும் டிப்ளோமாக்களையும் மட்டம் பிரிக்கும் இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் ஒரு கிரெடிட் என்பது மாணவர் செலவிடும் 50 மணித்தியாலம். விரிவுரையும் அதற்குள், சொந்தப் படிப்பும் ஒப்படையும் பரீட்சை ஆயத்தமும் அதற்குள்தான். மூன்று கிரெடிட் பாடத்துக்கு 150 மணித்தியாலம், அதில் விரிவுரை 45. வருடத்துக்கு 30 கிரெடிட். மூன்று வருடப் பட்டத்துக்கு 90 (சட்டகத்தில் 5ஆம் மட்டம்), நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்கு 120 (6ஆம் மட்டம்). ஒரு அரையாண்டில் 15 கிரெடிட் என்றால் 750 மணித்தியாலம். 15 வாரத்தில் வாரத்துக்கு 50. பகலில் கடையில் நின்று பின்னேரம் படிக்க வருகிற பிள்ளைக்கு இது எப்படி முடியும்? ஆகவே பகுதிநேரப் பாடநெறியை முழுநேர வேகத்தில் நடத்துகிறீர்களா என்று பாருங்கள். நடத்தினால் ஒன்று பிள்ளைகள் விழுவார்கள், அல்லது பரீட்சை இலேசாகும். இரண்டாவதுதான் பெரும்பாலும் நடக்கிறது.

நேர அட்டவணையை யார் போட்டார்கள் என்றும் கவனியுங்கள். கொழும்பு நிறுவனமொன்றின் நாட்காட்டியை அப்படியே எடுத்து டிசம்பர் நடுவில் பரீட்சை வைத்தால், வடகீழ்ப் பருவ மழையில் வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருக்கும் பிள்ளைகள் வந்து சேர மாட்டார்கள். குருக்கள்மடத்துக்கும் அம்பிளாந்துறைக்கும் இடையில் பாதை (வாவியைக் கடக்கும் மிதவைப் படகு) ஓடாவிட்டால் சுற்றி வர வேண்டும், சுற்றிவரும் வீதியிலும் வெள்ளம் நிற்கும். 15 வார அரையாண்டில் இரண்டு வாரத்தை மழைக்கென்று ஒதுக்கிவைப்பதும் பரீட்சையை நவம்பருக்கு முன்னாலோ ஜனவரி பிற்பகுதிக்கோ நகர்த்துவதும் செலவில்லாத சீர்திருத்தம். இதற்கு எந்தச் சுற்றறிக்கையும் தேவையில்லை.

பல்கலைக்கழகம் என்ற பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. பெயர்ப் பலகை மாற்றி வருகிற விஷயமல்ல அது. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தில் 1985இல் சேர்த்த 25அ பிரிவின் கீழ் அமைச்சர் ஒரு நிறுவனத்தைப் பட்டம் வழங்கும் நிறுவனமாக ஏற்று வர்த்தமானியில் கட்டளை வெளியிட வேண்டும். அந்தக் கட்டளையில் நிறுவனத்தின் பெயரோடு பட்டத்தின் பெயரும் இருக்கும். ஒரு பட்டத்துக்குக் கிடைத்த அங்கீகாரம் பக்கத்து வகுப்பில் நடக்கும் இன்னொரு பட்டத்துக்குப் பொருந்தாது. சான்றிதழில் அச்சாகும் பெயரும் வர்த்தமானியில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அரச நியமனத்துக்கு விண்ணப்பிக்கும் நாளில் பிள்ளைதான் அலைய வேண்டிவரும்.

இறையியலுக்கு வேறொரு வழி முன்பே இருக்கிறது. பிலிமத்தலாவையில் 1963இல் சபைகள் கூடி அமைத்த இலங்கை இறையியற் கல்லூரி, வங்காளத்துச் செராம்பூர் செனட்டோடு இணைந்து படிப்பிக்கிறது. 1818இல் தொடங்கிய செராம்பூர் கல்லூரிக்கு 1827இல் டென்மார்க் அரசர் பட்டயம் கொடுத்தார்; பட்டம் வழங்கும் உரிமை அதன் வழியாக வருகிறது. ஊழியத்துக்குப் போகிறவருக்கு அது போதும். கல்வியியலிலோ வணிகத்திலோ பட்டம் கொடுக்க அந்த வழி உதவாது. உங்கள் அறிக்கையிலுள்ள ஒப்பந்தங்களையும் இந்தக் கண்ணோடு வாசியுங்கள்: பட்டத்தை யார் தருகிறார், வினாத்தாளை யார் தயாரிக்கிறார், ஒப்பந்தம் முறிந்தால் நடுவில் நிற்கும் மாணவரை யார் பொறுப்பேற்பார். மூன்றாவதற்கு ஒப்பந்தத்தில் வாசகம் இல்லாவிட்டால் அது கைகுலுக்கிப் படம் எடுத்ததற்கு மேல் ஒன்றுமில்லை.

இப்போது அந்த அரைப் பக்கத்துக்கு வருவோம்.

பாடசாலைச் சீர்திருத்தத்தை 2026இல் தரம் 1இலும் தரம் 6இலும் தொடங்குவதாக அறிவித்தார்கள். தரம் 1 தொடங்கியது, தரம் 6 2027க்குப் பின்போடப்பட்டது. பல நிறுவனங்கள் இதைப் பார்த்து, ‘அந்தப் பிள்ளைகள் நம்மிடம் வர இன்னும் காலம் இருக்கிறது’ என்று ஆறுதலாக இருக்கின்றன. தரம் 6இல் புதிய மொடியூல் முறையில் (பாடத்தைச் சிறு அலகுகளாகப் பிரித்துப் படிப்பிக்கும் முறையில்) தொடங்கும் பிள்ளை உயர்தரம் முடிக்க எட்டு வருடம் எடுக்கும் என்பது உண்மைதான். மேல் வகுப்புகளுக்கு மாற்றம் முன்பே வந்தால் அந்தக் காலம் சுருங்கும், அது வேறு. ஆனால் உங்கள் நிறுவனம் ஆசிரியர்களைப் பயிற்றுகிறது. இன்று உங்கள் முதலாம் வருட வகுப்பில் இருக்கிறவர் வெளியே போய் நிற்கப்போவது அந்தப் புதிய வகுப்பறையில். பழைய முறையில் படித்து, பழைய முறையில் பரீட்சை எழுதி, புதிய முறையில் எப்படிப் படிப்பிப்பார்? உங்களுக்கு ஆயத்தக் காலம் எட்டு வருடமல்ல, பாடநெறியின் நீளம் எவ்வளவோ அவ்வளவுதான்.

ஆயத்தமா இல்லையா என்று பார்க்கச் செயலமர்வின் படங்கள் உதவாது. ஒரே ஒரு பாடத்தின் கோப்பை வரவழையுங்கள், கணிப்பீடு, அதாவது மாணவர் கற்றதை அளந்து பார்ப்பது, பற்றிய பாடமாக இருந்தால் நல்லது. பாட விவரணத்தில் கற்றற் பேறு (பாடம் முடிவில் மாணவரால் செய்ய முடிய வேண்டியது) என்று ஏறத்தாழ இப்படி எழுதியிருக்கும்: ‘ஒரு மொடியூலுக்குப் பொருத்தமான கணிப்பீட்டுக் கருவியைத் தயாரித்து, மாணவரின் பெறுபேற்றைக் கொண்டு அதைத் திருத்தியமைப்பார்.’ அதே பாடத்தின் கடந்த வருட வினாத்தாளைப் பக்கத்தில் வையுங்கள். ‘கணிப்பீடு என்றால் என்ன? அதன் வகைகளை உதாரணம் தந்து விளக்குக’ என்று கேட்டிருந்தால் சீர்திருத்தம் முதற்பக்கத்தோடு நின்றுவிட்டது. அந்தக் கேள்விக்கு குறிப்புக் கொப்பியைப் பாடமாக்கினால் 70 புள்ளி வரும். கருவியைத் தயாரித்த மாணவருக்கு அதில் புள்ளி போட இடமே இல்லை.

திருத்துவதற்கு வழி உண்டு. ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு தாளில் இடப்பக்கம் கற்றற் பேறுகள், மேலே ஒப்படை, செய்முறை, கற்பித்தல் பயிற்சி, இறுதிப் பரீட்சை என்று கட்டம் போட்டு, எந்தப் பேறு எங்கே சோதிக்கப்படுகிறது, எத்தனை புள்ளி என்று நிரப்பச் சொல்லுங்கள். வெற்றுக் கட்டமாக நிற்கும் பேறு வெறும் அலங்காரம். இரண்டாவது, பரீட்சைக்கு முன்பே வினாத்தாளை இன்னொருவர் இந்தத் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்து வைக்க வேண்டும். தமிழிலும் ஆங்கிலத்திலும் வினாத்தாள் கொடுப்பீர்களானால் இரண்டையும் ஒரே மேசையில் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் ‘ஒப்பிடுக’ என்று கேட்டு, கடைசி நேர மொழிபெயர்ப்பில் ‘விளக்குக’ ஆகிவிட்டால் இரண்டு மொழிப் பிள்ளைகளும் இரண்டு பரீட்சை எழுதினதாகிவிடும். மூன்றாவது, ஒப்படைகளின் நாட்காட்டி. தொடர் கணிப்பீட்டைக் கூட்டினோம் என்று பெருமைப்படுவார்கள். ஐந்து பாடத்தின் ஒப்படையும் 13ஆம் வாரத்தில் வந்து விழும். பிள்ளைகள் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதுவார்கள், திருத்தியது திரும்பக் கிடைப்பதற்குள் பரீட்சை முடிந்துவிடும். துறைத் தலைவர் அரையாண்டின் முதல் வாரத்திலேயே ஐந்து பாடத்துக்குமான திகதிகளை ஒரே தாளில் பரப்பிப் போட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

எல்லோரும் மறக்கிற விஷயம் ஒன்று உண்டு. புதிய பாடத்திட்டம் தொடங்கும் நாளில் பழைய பாடத்திட்டத்தில் தவறியவர்கள் கொஞ்சப்பேர் இருப்பார்கள். அவர்கள் மறுபடி எழுத வேண்டிய பாடம் புதிய திட்டத்தில் இருக்காது, அல்லது மூன்று கிரெடிட் இரண்டாகியிருக்கும். எந்தப் பழைய பாடத்துக்கு எந்தப் புதிய பாடம் ஈடு, பழைய வினாத்தாள் எத்தனை வருடத்துக்குத் தொடரும், கிரெடிட் குறைந்தால் எதைக் கொண்டு நிரப்புவது என்ற சமவலு அட்டவணை, புதிய திட்டத்தோடு சேர்ந்தே கல்விச் சபையில் நிறைவேற வேண்டும். பிறகு பார்க்கலாம் என்று விட்டால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு முடிவாகி, கடைசியில் பெறுபேறு வெளியிடும் நாளில்தான் சிக்கல் வெளிவரும்.

‘கிறிஸ்தவ’ என்ற அடைமொழியையும் விட்டுவிடக் கூடாது. அறிக்கை ஸ்தோத்திரத்தோடு தொடங்குவதில் எனக்குக் குறையில்லை. ஆனால் மட்டக்களப்பில் உங்கள் வகுப்பில் உட்காருகிறவர்களில் இந்துக்களும் முஸ்லிம்களும் நிச்சயம் இருப்பார்கள், அநேகமாகப் பெரும்பான்மையாகவே இருப்பார்கள். விழுமியக் கல்வி என்ற கட்டாயப் பாடம் ஒன்று இருந்தால், அதற்குக் கிரெடிட் உண்டா, அதில் தவறினால் பட்டம் நிற்குமா, வேதபாடத்துக்குப் பதிலாக எடுக்கக்கூடிய பாடம் இருக்கிறதா என்பது சேரும்போதே கையேட்டில் எழுதியிருக்க வேண்டும். ஆராதனைக்கு வந்ததையும் வராததையும் வகுப்பு வரவோடு கலக்கக் கூடாது. மிஷனரி வில்லியம் ஓல்ட் 1814இல் இங்கே வந்ததிலிருந்து மெதடிஸ்த மிஷனும் பின்னால் இயேசு சபையினரும் எல்லாப் பிள்ளைகளுக்கும் படிப்பித்துத்தான் இந்த ஊரில் பெயர் வாங்கினார்கள்.

வெளியார் வந்து எப்படிப் பார்ப்பார்கள் என்று தெரிய வேண்டுமானால், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு 2015இல் வெளியிட்ட பாடநெறி மீளாய்வுக் கையேட்டை எடுத்துப் பாருங்கள். எட்டுப் பிரமாணங்கள், அவற்றின் கீழ் வரும் ஒவ்வொரு நியமத்துக்கும் 0 முதல் 3 வரை புள்ளி. உங்களுக்கு அது கட்டாயமோ இல்லையோ, நிறுவனம் தானே தனக்குப் புள்ளி போட்டுப் பார்க்கலாம். புள்ளி சான்றுக்குத்தான், பேச்சுக்கு அல்ல. நிறுவனங்கள் இதில் சறுக்குகிற இடம் கூட்டக் குறிப்புகள். ‘மாணவர் கருத்துகள் கவனத்திற் கொள்ளப்பட்டன’ என்று வருடம் முழுக்க எழுதியிருப்பார்கள். கவனித்து என்ன மாற்றினார்கள், யார், எந்தத் திகதிக்குள் என்ற வரி எங்கும் இருக்காது. மீளாய்வுக்கு முந்தைய மாதத்தில் உட்கார்ந்து பழைய சான்றுகளைத் தயாரிக்க முடியாது. தயாரித்தால் திகதியே காட்டிக்கொடுக்கும்.

ஆகவே கூட்டத்தில் அறிக்கையை நிராகரிக்க வேண்டாம். நன்றி சொல்லி ஏற்றுக்கொள்ளுங்கள், ஆனால் சீர்திருத்தப் பகுதியை மட்டும் ஒரு தீர்மானத்தோடு திருப்பி அனுப்புங்கள்: பட்ச் வாரியான அட்டவணை, ஆசிரியர் பயிற்சிப் பாடநெறியின் முதலாம் வருடப் பாடங்கள் அனைத்துக்கும் பேறு–கணிப்பீட்டுத் தாள், பழைய மாணவருக்கான சமவலு அட்டவணை, இந்த மூன்றும் அடுத்த கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பாக உறுப்பினர் கைக்கு வர வேண்டும் என்று. முழுப் பாடநெறிக்கும் கேட்டால் அவசரத்தில் ஒரே தாளைப் பிரதி பண்ணித் தருவார்கள். முதலாம் வருடம் மட்டும் கேளுங்கள். கூட்டத்தில் பேசத் தயக்கமானால் இதைச் செயலாளருக்கு முன்கூட்டியே எழுத்தில் கொடுத்து நிகழ்ச்சி நிரலில் போடச் சொல்லுங்கள்.