வாசகர் கேள்வி – பதில்: கருப்பட்டி மணக்கும் செண்ட்

கேள்வி: துபாயில் வேலை பார்க்கும் என் அக்காள் மகன் விடுமுறையில் வந்தபோது 'ஏஞ்சல்ஸ் ஷேர்' என்ற செண்டைக் கொடுத்தான். அடித்துக்கொண்டால் சாயல்குடிப் பக்கம் பதநீர் காய்ச்சும் இடத்தில் நிற்பதுபோல் இருக்கிறது. பிராந்தி காய்ச்சும் குடும்பத்தார் செய்தது என்று அவன் சொன்னதிலிருந்து என் மாமியார் அதை வீட்டில் வைக்கவே தயங்குகிறார். இதில் மது கலந்திருக்கிறதா? நம் ஊர் வெக்கைக்கு இது ஏற்குமா?
— வாசகி, கீழக்கரை

பதில்: பிரான்சின் கோன்யாக் நகரில் 1765-இல் ரிச்சர்ட் ஹென்னஸி என்ற அயர்லாந்துக்காரர் தொடங்கிய பிராந்தித் தொழிலின் வழித்தோன்றலான கிலியன் ஹென்னஸி, குடும்பத் தொழிலுக்குள் போகாமல் 2007-இல் தம் பெயரிலேயே வாசனைத் திரவிய நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். 2016-இல் அது எஸ்தே லாடர் நிறுவனத்தின் கைக்குப் போனது. உங்களிடம் உள்ள செண்ட் 2020-இல் வெளிவந்தது.

கோன்யாக் பிராந்தி ஓக் மரப் பீப்பாய்களில் ஆண்டுக்கணக்கில் ஊறும்போது, ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சதவீதம் மரத்தின் வழியே ஆவியாகிப் போய்விடும். அந்த ஆவியை உண்டு வளரும் கரும்பூஞ்சை கிடங்குச் சுவர்களில் கரிபோலப் படிந்திருக்கும். இப்படிக் குறைவதை அங்குள்ளவர்கள் வானவர்களுக்குப் போன பங்கு என்பார்கள். செண்டின் பெயர் அதுதான். ஆகவே இது பிராந்தியின் வாசனை என்பதைவிட, பிராந்திக் கிடங்கின் வாசனை என்பதே பொருந்தும்.

வாசனைக்காகச் சேர்க்கப்படும் கோன்யாக் எண்ணெய் என்பது, ஒயின் தெளிந்தபின் அடியில் தங்கும் வண்டலை நீராவியில் வடித்து எடுப்பது. அது குடிக்கும் சரக்கு அல்ல. ஆனால் வாசனைப் பொருள்களைக் கரைத்து வைத்திருப்பது, கடைகளில் விற்கும் பெரும்பாலான ஸ்பிரே செண்டுகளைப் போலவே, எத்தில் ஆல்கஹால்தான். தோலில் பட்டதும் குளிர்ந்து சிறிது நேரத்தில் பறந்துவிடுவது அதுவே. மாமியாரின் தயக்கம் இதைப் பற்றியது என்றால், மார்க்க அறிஞர்களிடையே இரு வேறு கருத்துகள் உள்ளதால், அவர் நம்பும் ஆலிமிடம் கேட்பதே முறை. வீட்டுக்குள் இதற்காக ஒரு வழக்கு வேண்டாம். எண்ணெயில் செய்த அத்தர் அவருக்கு இருக்கட்டும்.

உங்கள் மூக்கு சரியாகவே சொல்லியிருக்கிறது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் பனஞ்சாறு புளிக்காமல் பதநீராக இறங்குகிறது, தடவாவிட்டால் கள்ளாகிறது. இந்தச் செண்டில் கள்ளின் புளிப்பு வாடை துளியும் இல்லை. பதநீர் கொதித்துச் சுண்டி, கருப்பட்டியாகச் சிரட்டையில் ஊற்றும் பதத்துக்கு வரும்போது எழும் மணமே இதில் தூக்கலாக இருக்கிறது. சர்க்கரை சூட்டில் நிறம் மாறும்போது உண்டாகும் மணப்பொருள்களை ஒத்தவற்றைக் கொண்டே தித்திப்புச் செண்டுகளைச் செய்கிறார்கள். 1992-இல் வந்த முக்லர் நிறுவனத்தின் 'ஏஞ்சல்' இவ்வகைக்குப் பாதை போட்டது. உங்கள் செண்டில் பட்டை, வெனிலா, சந்தனம், ஓக் மரம் ஆகியவற்றோடு, நம் கடலை மிட்டாய்க்குத் தூரத்து உறவான பிரலினும், காய்ந்த வைக்கோலும் பாதாமும் கலந்தாற்போல் மணக்கும் டோங்கா விதையும் சேர்ந்திருக்கின்றன. ஓக் பலகையை நெருப்பில் வாட்டிப் பீப்பாய் செய்யும்போது மரத்திலிருந்தே வெனிலாவின் மணப்பொருளான வெனிலின் பிறப்பதால், வெனிலா இங்கே வலிந்து சேர்த்ததாகத் தோன்றுவதில்லை.

வெக்கைக்கு ஏற்குமா என்றால், சித்திரை மதியத்தில் வேண்டவே வேண்டாம். கடற்காற்றின் ஈரமும் வியர்வையும் சேரும்போது தித்திப்பு திகட்டலாகிவிடும். பக்கத்தில் இருப்பவருக்குத் தலைவலிகூட வரலாம். மழை ஓய்ந்து வாடைக்காற்று வீசும் மார்கழி, தை மாதங்களில், மாலை மஃக்ரிப் தொழுகைக்குப் பின் ஒருமுறை அடித்தால் போதும். பிரியாணி மணக்கும் கல்யாண மண்டபத்துக்கு இதைப் பூசிச் செல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: வெனிலா மணமுள்ள என் செண்ட் நாள்பட நாள்படப் பழுப்பாகிறது. கெட்டுவிட்டதா?
— வாசகர், தேவிபட்டினம்

பதில்: பெரும்பாலும் இல்லை. வெனிலின் காற்றும் வெளிச்சமும் பட்டுக் கருக்கும் இயல்புடையது. மணத்தில் காரநெடி ஏறாதவரை பயன்படுத்தலாம். பாட்டிலைச் சன்னலோரத்தில் வைக்காமல் பீரோவுக்குள் வையுங்கள். வெள்ளைச் சட்டையின் மேல் மட்டும் அடிக்காதீர்கள், அந்தக் கறை சலவைக்கு எளிதில் போகாது.