உடம்பைத் தொடாம, ஜெல் தடவாம, வெறும் லேசர் வச்சே போட்டோஅக்கூஸ்டிக் சிக்னலை (லேசர் பட்டு உடம்புக்குள்ள கிளம்புற அல்ட்ராசவுண்டை) பிடிக்க முடியுமா?

முடியும். ஆனா கஷ்டம் எல்லாரும் நினைக்கிற எடத்துல இல்ல.

வெளிச்சம் பட்டா சத்தம் வரும்ங்கிறத கிரகாம் பெல் 1880லயே காட்டிட்டாரு. இப்ப சில நானோசெகண்ட் லேசர் பல்ஸ் ஒண்ணை அடிக்கிறோம், ரத்தத்துல இருக்குற ஹீமோகுளோபின் அதை உறிஞ்சி ஒரு மில்லிகெல்வின் (ஒரு டிகிரில ஆயிரத்துல ஒரு பங்கு) சூடானாலே போதும், விரிய நேரம் கிடைக்காம அந்த எடத்துல சுமார் 800 பாஸ்கல் அழுத்தம் ஏறி அல்ட்ராசவுண்டா கிளம்பிடும். தோலுக்கும் காத்துக்கும் அக்கூஸ்டிக் இம்பீடன்ஸ் (சத்த அலைக்கு ஒரு பொருள் காட்டுற எதிர்ப்பு) ஆயிரக்கணக்கான மடங்கு வித்தியாசம், அதனால அந்த அலை வெளிய வராம தோல்லயே முட்டித் திரும்பிடுது. ஜெல் தடவுறது இதுக்குத்தான்.

ஆனா திரும்புறதுக்கு முன்னாடி தோலை லேசா ஆட்டிட்டுத்தான் போகும். 1 மெகாஹெர்ட்ஸ், 1 கிலோபாஸ்கல்னு வச்சா ஆட்டம் ஏறக்குறைய 0.2 நானோமீட்டர், அதாவது ஒரு அணு சைஸ். இதை இன்டர்ஃபெரோமீட்டர் (ரெண்டு ஒளி அலையை ஒண்ணு சேர்த்து நகர்வை அளக்குற கருவி) அளந்துடும், அது பிரச்சனையே இல்ல. மூச்சு விட்டாலே தோல் மைக்ரான் கணக்குல நகருது பாருங்க, அதுதான் தலைவலி. அந்த நகர்வு மெதுவானதுதான், ஃபில்டர் பண்ணிடலாம்னு தோணும், ஆனா அந்த ஒளி அலைகளோட ஃபேஸ் (ஒண்ணுக்கொண்ணு எவ்வளவு தள்ளி நிக்குதுங்கிறது) மாறி மாறி சென்சிட்டிவிட்டி ஒரு நேரம் உச்சத்துலயும் ஒரு நேரம் பூஜ்யத்துலயும் நிக்கும். ஃபேஸ்ல 90 டிகிரி தள்ளி ரெண்டு சிக்னல் எடுத்தா ஒண்ணு பூஜ்யமாகும்போது இன்னொண்ணு உச்சத்துல இருக்கும், இப்படி இதைச் சமாளிக்கலாம். அடுத்தது ஸ்பெக்கிள். தோல் சொரசொரப்பு, திரும்பி வர்ற வெளிச்சம் புள்ளி புள்ளியா சிதறி, டிடெக்டர்ல இருட்டுப் புள்ளி விழுந்துச்சுன்னா அந்த ஷாட் போச்சு. இதுக்காக சிலர் தோல் மேல தண்ணியோ எண்ணெயோ தடவி அளக்குறாங்க, அப்புறம் எதுக்கு தொடாத முறைன்னு பேரு வைக்கணும்னு தெரியல. ஃபேப்ரி-பெரோ சென்சார் (அலை பட்டா இடைவெளி மாறுற ரெண்டு பிரதிபலிக்கிற படலம், அதை லேசர் வச்சுப் படிக்கிறது) அருமையா வேலை செய்யும், ஆனா அதையும் தோல்ல ஒட்டித்தான் வைக்கணும்.

எனக்குப் பிடிச்ச வழி போட்டோஅக்கூஸ்டிக் ரிமோட் சென்சிங். கனடாவோட ஆல்பர்ட்டா யுனிவர்சிட்டி குழு 2017ல வெளியிட்டது. அலை மேல வர்ற வரைக்கும் காத்திருக்காம, அது பிறக்குற எடத்துலயே ரெண்டாவது லேசரை ஃபோகஸ் பண்றது. அழுத்தம் ஏறுன அந்த நேரத்துக்கு அங்க ஒளிவிலகல் எண் மாறும், பிரதிபலிப்பு கூடக்குறைய ஆகும், அந்த இன்டென்சிட்டியை மட்டும் பார்த்தா போதும், ஃபேஸ் தொல்லை கிடையாது.

ஆனா லேசரை ஃபோகஸ் பண்ண முடியுற ஆழம் வரைக்கும்தான் இது ஓடும், திசுவுல ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். கண்ணு, திசு ஸ்லைடு மாதிரி வேலைன்னா இதை எடுங்க. சென்டிமீட்டர் ஆழம் வேணும்னா இன்னைக்கும் ஜெல்லும் ப்ரோபும்தான்.