காசு நீட்டினா மூஞ்சி சுருங்குது, என்ன பண்றது? - வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சென்னைல இருந்து மாத்தலாகி பொங்கலூர் பக்கம் ஒரு ஊர்ல குடி வந்திருக்கோம். காய் எங்க ஃப்ரெஷ்ஷா கிடைக்கும்னு பக்கத்து தோட்டத்து அம்மாகிட்ட சும்மா கேட்டேன், அவங்க ஒண்ணுமே சொல்லாம உள்ள போய் ஒரு கட்டப்பை நிறைய கத்திரிக்கா, அவரை, தாளோட சின்ன வெங்காயம்னு கொண்டாந்து குடுத்துட்டாங்க. காசு நீட்டினேன், மூஞ்சி சுருங்கிடுச்சு. அதுல இருந்து யாராவது ஏதாவது கொண்டாந்து குடுத்துட்டே இருக்காங்க. வாங்கவும் கூச்சமா இருக்கு, வேண்டாம்னு சொல்லவும் வாய் வரல. - ஒரு வாசகி, பொங்கலூர் பக்கம்

பதில்: வாங்கிக்கோங்க அம்மிணி. நீங்க கேட்டது கடைக்கு வழி, அவங்க காதுல விழுந்தது "இந்த புள்ள வீட்ல காய் இல்ல"ங்கறது. சாளை (தோட்டத்து வீடு) வாசல்ல வந்து நின்னு ஒருத்தர் காய் கேக்கறப்ப, கை நீட்டினா பறிக்கற தூரத்துல செடிய வெச்சுக்கிட்டு பல்லடத்துக்கு பஸ் ஏறுங்கன்னு சொல்ல நம்ம பக்கத்து பொம்பளைங்களுக்கு மனசு வராது.

ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, தோட்டத்துல இருக்கறது எல்லாம் ஒரே கணக்கு இல்ல. வாய்க்கா ஓரத்துல நாலு கத்திரி, கெணத்துமேட்டுல ஒரு முருங்கை, வேலில ஏத்திவிட்ட அவரைக்கொடி, குப்பைக்குழி பக்கம் தானா மொளைச்ச பூசணி, இதெல்லாம் வீட்டுக்குன்னு இருக்கறது. ஆடில ஊன்றின அவரை மார்கழி தைல காய்க்க ஆரம்பிச்சா ஒரு குடும்பம் தின்னு தீராது, முருங்கை பங்குனி சித்திரைல காய்ச்சா சொல்லவே வேண்டாம், யாருக்காவது குடுத்தே ஆகணும், அதுக்கு நீங்க காசு நீட்டினா அவங்கள வியாபாரி ஆக்கின மாதிரி ஆயிடுது, அதான் மூஞ்சி சுருங்குச்சு.

விக்கறதுக்குன்னு போட்டது வேற. ஒரு ஏக்கரா சின்ன வெங்காயம் போட்டிருக்காங்கன்னா வெத வெங்காயத்துக்கு காசு, களை எடுக்க ஆள் கூலி, புடுங்க கூலி, தாள் அறுக்க கூலி, சாக்கு, வண்டி வாடகை, மண்டில கமிஷன்னு வரிசையா போகும், வெல இல்லைன்னா பட்டறை போட்டு (தோட்டத்துலயே அடுக்கி) வெச்சு எப்ப ஏறும்னு பாத்துட்டு உக்காந்திருப்பாங்க. அதுல இருந்து அஞ்சு கிலோ சும்மா வாங்கறது நியாயமே இல்ல. அவங்க "பரவால்ல எடுத்துட்டு போங்க"ம்பாங்க, அது வாய் வார்த்தை. நீங்க தாளோட ஒரு புடி வெங்காயம் வாங்கினது சரி, மூட்டைன்னா காசுதான். எவ்ளோன்னு அவங்க வாய்ல இருந்து வராது, அதனால "இன்னைக்கு மண்டில என்ன வெலைங்க்கா?"ன்னு பொதுவா கேட்டுக்கோங்க, அதுக்கு மேல, கடை வெலைக்கு கீழ ஒரு தொகைய எடுத்து குடுங்க. உழவர் சந்தைல தினம் காலைல போர்டுல எழுதற வெலையும் கிட்டத்தட்ட இந்த கணக்குதான், 1999 நவம்பர் 14ல மதுரைல மொத உழவர் சந்தை திறந்ததுல இருந்து இப்படித்தான் நடக்குது. பேரம் மட்டும் பேசிராதீங்க. கையில குடுத்தா வாங்க மாட்டாங்கன்னா வீட்ல இருக்கற அப்பத்தாகிட்ட குடுங்க, பெருசுங்க காரியத்துல கரெக்டா இருப்பாங்க.

சரி, சும்மா வந்ததுக்கு என்ன செய்யறது? அன்னைக்கே ஓடிப்போய் ஸ்வீட் பாக்ஸ் வாங்கிட்டு வராதீங்க, கடன தீர்த்துட்டு போற மாதிரி இருக்கும். அவங்க போசில (பாத்திரத்துல) குடுத்து விட்டா போசிய வெறுமனே திருப்பி தராதீங்க, நீங்க செஞ்ச ஏதாவது கொஞ்சம் போட்டு குடுங்க, மெட்ராஸ் வத்தக்கொழம்பு வெச்சாலும் சரி. மாடு கன்னு போட்டா சீம்பால் வரும் பாருங்க, நாட்டுச்சக்கரை போட்டு காய்ச்சி சாப்பிடுங்க, அந்த தூக்குப்போசில ஒரு கை அரிசியோ சக்கரையோ போட்டு அனுப்பறது வழக்கம். அப்பறம் வெளக்கு வெச்சதுக்கு மேல மோரு, உப்பு கேட்டு போகாதீங்க, குடுக்க மாட்டாங்க, இல்லைன்னும் சொல்ல முடியாம சங்கடப்படுவாங்க.

இதவிட பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு, செலவே இல்லாதது. அரிசி கழுவின தண்ணி, காய் தோலு, மிஞ்சின சோத்து தண்ணிய சிங்க்ல ஊத்தாம ஒரு பக்கெட்ல புடிச்சு வெச்சு அவங்க கட்டுத்தாரைக்கு (மாடு கட்டற எடம்) குடுத்து விடுங்க. எருமைக்கு அது விருந்து, அந்தம்மாக்கு உங்க மேல மரியாதையே கூடிரும். பல்லடம் போறப்ப எல்லாம் "மாத்திரை கீத்திரை வாங்கணுங்களா?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. விவசாயிங்களுக்கு மத்திய அரசு குடுக்கற பிஎம் கிசான் பணம் வருசத்துக்கு 6,000 ரூபா, 2,000 2,000மா மூணு தடவை வரணும், இகேஒய்சி (ஆதார் சரிபார்ப்பு) முடிக்காததால நெறைய பேருக்கு நின்னு போயிருக்கு, ஓடிபி வந்தா என்ன பண்றதுன்னு தெரியாம ஃபோன கையில வெச்சுட்டு முழிப்பாங்க, உக்காந்து முடிச்சு குடுங்க. முக்கியமா, பைய வாங்கினதும் கெளம்பிராதீங்க. திண்ணைல உக்காந்து கொஞ்ச நேரம் பழமை பேசுங்க, அதாவது சும்மா கதை பேசுங்க. பாதி நேரம் அவங்களுக்கு தேவைப்படறது அதுதான், புள்ளைக எல்லாம் திருப்பூர் கோயமுத்தூர்னு போயிட்டாங்க, பேச ஆள் இல்ல.

அளவுக்கு மேல வந்தா "அவரைக்கா போன தடவை குடுத்ததே இருக்குதுங்க்கா"ன்னு நேரா சொல்லிருங்க, கோவிச்சுக்க மாட்டாங்க. வாங்கி வெச்சு அழுக விட்டு குப்பைல போட்டா அதுதான் கோவம் வரும், கிராமத்துல குப்பை எல்லார் கண்ணுலயும் படும்.

கேள்வி: கோவைல ஐடி வேலை. ஞாயித்துக்கெழமை கிணத்துக்கடவு பக்கம் போனப்ப ஒரு தோட்டத்து பெரியவர் தக்காளி, எளநீ எல்லாம் சும்மா குடுத்தார். அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்ல போட்டேன், இப்ப பத்து ஃபேமிலி வர்றேங்கறாங்க. கூட்டிட்டு போலாமா? - ஒரு வாசகர், சரவணம்பட்டி

பதில்: போகலாம் தம்பி, காசோட போங்க. ஒருத்தர் வழில வந்து நின்னா எளநீ வெட்டி குடுக்கறது அவரோட கொணம், பத்து குடும்பம் அதையே எதிர்பாத்து கார்ல வந்து எறங்கினா அது படையெடுப்பு. தேங்காய் 40, 45 நாளைக்கு ஒருக்கா வெட்டு, அதுல வர்ற காசுல தான் அவர் உரம் வாங்கறார், எளநியா நீங்க குடிச்சு தீத்துட்டா பின்னாடி வர்ற வெட்டுக்கு மரத்துல என்ன இருக்கும்?

மொத நாளே ஃபோன் பண்ணி எவ்ளோ வேணும்னு சொல்லிருங்க, ஏன்னா வெயிலுக்கு முன்னாடி பறிச்சாதான் காய் வாடாம இருக்கும், ஆள் சொல்லணும் அவரு. பை நீங்க கொண்டு போங்க. குட்டி புள்ளைங்க சொட்டுநீர் பைப்ப மிதிச்சு ஒடச்சிராம பாத்துக்கோங்க, உள்ள போனா படலை சாத்துங்க, தொறந்து விட்டா பக்கத்து ஆடு பூந்து ஒரு வரப்பு செடிய மொட்டை அடிச்சிரும். பெருசா பளபளன்னு இருக்கறத மட்டும் பொறுக்கிட்டு மிச்சத்த தள்ளி வைக்காதீங்க, மிச்சத்த அவர் யாருக்கு விப்பாரு?

இன்னொண்ணும் சொல்றேன். கிணத்துக்கடவு மார்க்கெட்ல தக்காளி வெல விழுந்தா பறிக்கற கூலி கூட கட்டாதுன்னு செடிலயே விட்டு மாட்ட மேய விடுவாங்க. உங்க குரூப்ல பத்து குடும்பம் இருக்குல்ல, அந்த வாரம் போய் ஆளுக்கு ஒரு பெட்டி நல்ல வெலைக்கு வாங்கி தொக்கு போட்டு வைங்க. சும்மா எளநீ குடிச்சதுக்கு அதுதான் சரியான கணக்கு. வெல ஏறி இருக்கறப்ப மட்டும் தோட்டத்த தேடிட்டு போறவங்கள அவங்களுக்கு நல்லாவே அடையாளம் தெரியும்.

கேள்வி: எங்க வீட்டு முருங்கைல பக்கத்து வீட்டுக்காரங்க கேக்காமயே பறிக்கறாங்க. எப்படி சொல்றது? - வாசகி, தாராபுரம்

பதில்: காயா, கீரையா? கீரைன்னா விட்டுருங்க, ஒடிக்க ஒடிக்கத்தான் தழைக்கும். காய்னா நீங்களே ஒரு கட்டு பறிச்சு கொண்டு போய் குடுத்துட்டு, "கெளை பொசுக்குன்னு ஒடியுதுங்க, நீங்க ஏறாதீங்க, நானே பறிச்சு தர்றேன்"னு சொல்லுங்க. அப்பறமும் பறிச்சா அடுத்த தடவை அவங்க வீட்டு கருவேப்பிலைய நீங்க கேக்காம பறிங்க, புரிஞ்சிரும்.

கேள்வி: பெருந்துறை பக்கம் நெஜமான நாட்டுக்கோழி முட்டை எங்க கிடைக்கும்? கடைல ப்ரவுனா இருக்கறது நாட்டு முட்டைதானா? - வாசகர், பெருந்துறை

பதில்: ப்ரவுன் முட்டை போடற பண்ணைக்கோழியும் இருக்கு, அதனால கலர பாத்து ஏமாறாதீங்க. நாட்டு முட்டை பொதுவா சின்னதா இருக்கும், ஒரே சைஸ்லயும் இருக்காது. நாலு தோட்டத்துல சொல்லி வைங்க, கடை மாதிரி தினம் கிடைக்காது, கோழி ஒரு பத்து பன்னெண்டு முட்டை விட்டுட்டு அடைக்கு உக்காந்துக்கும். "அடை வெச்சிருக்குதுங்க"ன்னு சொன்னா ஒளிச்சு வெச்சுட்டு சொல்றாங்கன்னு நெனைக்காதீங்க. பொரிக்க 21 நாள், அப்பறம் குஞ்சுகளோட ரெண்டு மாசத்துக்கு மேல திரியும், அது வரைக்கும் உங்களுக்கு நாமக்கல் முட்டைதான்.